பதுவைக்கு அருகே வல்சான்சிபியோ தோட்டம்: அம்மாவை அழைத்துப் போகலாமா?

வைகறை | மார்ச் 3

வணக்கம். மே மாதம் அம்மாவோடு இத்தாலி போகிறேன். அம்மாவுக்கு 67 வயது. பயணத்துக்குக் காரணமே பதுவை அந்தோனியார் கோயில்தான். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து செவ்வாய்க்கிழமை நவநாளுக்குத் தவறாமல் போகிறவர். வெனிசில் மூன்று இரவு, பதுவையில் இரண்டு இரவு என்று போட்டிருக்கிறேன். கோயில் பார்த்தது போக ஒரு முழு நாள் மிச்சம் இருக்கிறது.

அம்மாவுக்குச் செடிகொடி என்றால் உயிர். பழைய பரோக் காலத்து (17ஆம் நூற்றாண்டு வாக்கில்) வில்லாத் தோட்டம், அதாவது பிரபுக்களின் நாட்டுப்புற மாளிகைத் தோட்டம், ஏதாவது ஒன்றைக் காட்ட ஆசை. தேடியதில் இரண்டு பெயர் வந்தது: ஸ்த்ராவில் இருக்கிற வில்லா பிசானி, வல்சான்சிபியோவில் இருக்கிற வில்லா பர்பரீகோ. ஒன்றுக்குத்தான் நேரம். அம்மாவுக்கு முட்டிவலி உண்டு. சமதளத்தில் மெதுவாக ஒரு மணி நேரம் நடப்பார், படி என்றால் யோசிப்பார். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

மழைப்பயணி | மார்ச் 3

யோசிக்காமல் ஸ்த்ரா போங்கள். வெனிசுக்கும் பதுவைக்கும் நடுவில், பிரெந்தா ஆற்றங்கரையில் இருக்கிறது. பஸ்ஸிலேயே போய்விடலாம். மாளிகை, தோட்டம் இரண்டும் சேர்த்துப் பார்க்கலாம். விருந்து மண்டபத்தின் கூரை முழுக்க வெனிசு ஓவியர் தியெப்போலோ வரைந்த ஓவியம். 1934-ல் ஹிட்லரும் முசோலினியும் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டது இந்த மாளிகையில்தான். தோட்டத்தில் ஒரு புதிர்ப்பாதை இருக்கிறது, உயரமான செடிவேலிகளுக்கு நடுவே வழி தேடி நடக்க வேண்டும். நடுவில் சின்னக் கோபுரம், சுற்றி ஏறும் படி, உச்சியில் மினர்வா சிலை. மாளிகைக்குப் பின்னால் நீளமான குளம் ஒன்று படங்களில் வருமே, அது பழைய காலத்தது இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதுவைப் பல்கலைக்கழகம் நீரோட்ட ஆய்வுக்காக வெட்டியது. ஆனாலும் பார்க்க அழகுதான்.

வல்சான்சிபியோவுக்குக் கார் இல்லாமல் போவது சிரமம்.

தூரதேசம் | மார்ச் 4

வைகறை, நான் இரண்டுக்கும் போயிருக்கிறேன். வல்சான்சிபியோவுக்கு மூன்று தடவை. உங்கள் அம்மாவுக்கு எது என்று கேட்டால் வல்சான்சிபியோதான். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அந்தத் தோட்டம் ஒரு நேர்த்திக்கடன்.

1630-31-ல் வெனிசில் பெரிய கொள்ளைநோய். நகரத்தில் மட்டும் சுமார் 46,000 பேர் செத்துப்போனார்கள். வெனிசில் பெரிய கால்வாயின் முகப்பில் வெள்ளைக் குவிமாடத்தோடு ஒரு கோயில் பார்ப்பீர்களே, சாந்தா மரியா தெல்லா சலூத்தே, அது அந்த நோய் நீங்க வேண்டி நகரமே நேர்ந்துகொண்டு கட்டியது. அதே நேரத்தில் ஜுவானே ஃபிரான்செஸ்கோ பர்பரீகோ என்ற வெனிசுப் பிரபு குடும்பத்தோடு தப்பித்து, எவுகானெய் குன்றுகளுக்கு நடுவே இருந்த இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார். நோய் விடவில்லை. மனைவி இறந்துபோனார். மிச்சம் இருக்கிற பிள்ளைகளையாவது காப்பாற்று, உனக்கு இங்கே ஒரு பெரிய காரியம் செய்கிறேன் என்று அவர் கடவுளிடம் வேண்டிக்கொண்டதாகத் தோட்டத்தின் வரலாறு சொல்கிறது.

தப்பித்த பிள்ளைகளில் ஒருவர் கிரெகோரியோ. தாய் இறந்தபோது ஐந்தாறு வயது. வளர்ந்து குருவானார். 1656-ல் ரோமில் மறுபடி கொள்ளைநோய் வந்தபோது திரஸ்தேவெரே பகுதியில் நோயாளிகளுக்கு உதவும் வேலையை முன்னின்று நடத்தியவர் அவர்தான். தாயைக் கொண்டுபோன நோய்க்கு நடுவே போய் நின்றிருக்கிறார். 1660-ல் கர்தினால், 1664-ல் பதுவை ஆயர். 1960-ல் திருத்தந்தை 23ஆம் ஜான் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். அவர் உடல் பதுவை ஆயரின் பேராலயத்தில் இருக்கிறது. அந்தோனியார் கோயில் வேறு, இது வேறு, நடந்தே போகலாம். அம்மாவை அங்கேயும் ஒரு ஐந்து நிமிடம் கூட்டிப்போங்கள்.

தோட்ட வேலை 1665-ல் தொடங்கி 1696-ல் முடிந்தது. பெரியவர் நேர்ந்துகொண்டதை முன்னின்று செய்து முடித்தது இன்னொரு மகன் அந்தோனியோ. என்ன பொருளில் எது வரவேண்டும் என்பதற்கு கிரெகோரியோவின் யோசனைதான் அடிப்படை என்கிறார்கள். வரைந்து கொடுத்தவர் லுயிஜி பெர்னினி, ரோமில் பெரும்புகழ் பெற்ற சிற்பி பெர்னினியின் தம்பி, தண்ணீர் வேலைகளில் கெட்டிக்காரர். சிலைகள் எழுபது. செதுக்கியவர் என்ரிகோ மெரெங்கோ. பெயர்தான் இத்தாலியம், ஆள் ஜெர்மானியர். வெனிசில் சான் மொய்சே கோயிலுக்குள் போனால் பீடத்தில் ஒரு மலையே எழும்பி நிற்கும், சினாய் மலையில் மோசே. அதுவும் இவர் கைவேலை.

இனி நடக்கிற விதம். அங்கே போகிறவர்கள் நேரே புதிர்ப்பாதைக்கு ஓடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முதலில் டயானா வாசலில் போய் நில்லுங்கள். அந்தக் காலத்தில் வெனிசிலிருந்து வருகிறவர்கள் படகில் வந்து இறங்கிய வாசல் அது. தண்ணீர் அதுவரைக்கும் வந்தது. மேலே வேட்டைத் தெய்வமான டயானா, வேட்டைநாய்கள். அங்கிருந்து உள்ளே நேர்கோட்டில் குளம், ஊற்று, மறுபடி குளம் என்று படிப்படியாக ஏறிப் போகும். ஒரு குளத்துக்கு ஆறுகளின் குளம் என்று பெயர். பிரெந்தா, பக்கில்யோனே என்ற இரண்டு ஆறுகளும் தாடி வைத்த கிழவர்களாகச் சாய்ந்து கிடக்கும். அடுத்தது காற்றுகளின் குளம். நடுவில் வானவில் ஊற்று. வெயில் சரியான பக்கம் இருந்தால் பெயருக்கு ஏற்றபடி வில் தெரியும்.

இந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டி இன்னொரு கோடு, எதிர்க்குன்றில் ஏறும் சைப்ரஸ் மர வரிசையிலிருந்து மாளிகை வரைக்கும். மேலிருந்து பார்த்தால் சிலுவை. அதன் மூலைகளில்தான் புதிர்ப்பாதை, துறவியின் குகை, முயல் தீவு, காலத்தின் சிலை எல்லாம். புதிர்ப்பாதையில் தடுமாறிவிட்டு எதிரே இருக்கும் குகையில் உட்கார்ந்து யோசி என்பது ஏற்பாடு. முயல் தீவு என்றால் சின்ன வட்டத்துக்குள் நிஜ முயல்கள்; பிறக்கும், பெருகும், சாகும், வட்டத்தை விட்டு வெளியே போகாது. பக்கத்திலேயே சிறகு வைத்த கிழவனாகக் காலம், பல பட்டை வெட்டிய கனத்த கல்லைத் தோளில் சுமந்துகொண்டு. இந்த வரிசையில் பார்த்தால்தான் தோட்டம் பேசும்.

மழைப்பயணி | மார்ச் 4

தூரதேசம், நல்ல பதிவு. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் உண்மையாகவே இருக்கிறது. வேண்டிக்கொண்டது 1631. வேலை தொடங்கியது 1665. நடுவில் 34 வருடம்! அந்தக் காலத்தில் வெனிசுப் பிரபுக்கள் எல்லாரும் உள்நாட்டில் வில்லா கட்டித் தோட்டம் போட்டுப் பெருமை காட்டினார்கள். மகன் கர்தினால் ஆனபிறகு குடும்பத்தின் அந்தஸ்தைக் காட்ட ஒரு தோட்டம் போட்டு, அதற்குப் பக்திக் கதை சேர்த்துக்கொண்டதாக ஏன் இருக்கக்கூடாது? நேர்த்திக்கடன் என்றால் வாசலில் டயானா எதற்கு? மாதா இருக்க வேண்டாமா?

தூரதேசம் | மார்ச் 5

சரியான கேள்வி. அந்தஸ்து இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எழுபது சிலை வைக்கிறவர் நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் வைப்பார். ஆனால் இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருக்க முடியும். சலூத்தே கோயிலுக்கு 1631-ல் அடிக்கல் வைத்தார்கள், அர்ச்சிப்பு நடந்தது 1687-ல். அது அரசாங்கம் முழுசாகப் பணம் போட்ட காரியம், அதற்கே 56 வருடம்.

டயானா விஷயம்: அந்தக் காலத்து இத்தாலியில் கிரேக்க, ரோமானியத் தெய்வங்கள் உவமைக்கு வருகிற பாத்திரங்கள். காலம் என்று சொல்ல வேண்டுமா, சிறகு முளைத்த கிழவன். ஆறு என்று சொல்ல வேண்டுமா, தாடிக் கிழவன். ஆயருக்கும் அது புரியும், படகோட்டிக்கும் அது புரியும்.

எனக்கு சாட்சி வேறு இடத்தில் இருக்கிறது. மாளிகைக்கு ஏறுகிற படிகளில் ஒரு பதினான்கு அடிப் பாட்டு வெட்டியிருக்கிறார்கள். படி ஏற ஏற படிக்க வேண்டும். ஆர்வத்தோடு வரும் வழிப்போக்கனே, இங்கே காண்கிற அழகெல்லாம் இயற்கையால் வந்தது, கலையால் இல்லை என்று தொடங்கும். பிறகு ஒவ்வொரு ரோமானியத் தெய்வமாக வரும். இங்கே சனி (புராணத்தில் பெற்ற பிள்ளைகளையே தின்றவன்) தன் பிள்ளைகளைத் தின்பதில்லை. போர்த்தெய்வமான செவ்வாயின் மூர்க்கம் இங்கே வந்து கலைப்பதில்லை. இங்கே அழுகைக்கு இடமில்லை, சிரிப்புக்கே இருக்கை. கடைசி அடி: அங்கே நரகம், இங்கே சொர்க்கம்.

சும்மா பெருமைக்காக எழுதின பாட்டாகவும் படிக்கலாம். ஆனால் தாய் செத்துப்போன வீட்டின் வாசற்படியில் "இங்கே அழுகைக்கு இடமில்லை" என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். முதல் தடவை அதை அர்த்தம் பார்த்துப் படித்தபோது அந்தப் படியைத் தாண்டி மேலே ஏற எனக்கு நேரம் பிடித்தது.

வேலியோரம் | மார்ச் 6

வைகறை அக்கா, நான் வெரோனாப் பக்கம் 14 வருசமாகத் தோட்டவேலை செய்கிறேன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். சரித்திரம் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் செடியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அம்மா அதைத்தான் பார்ப்பா.

அங்கே வேலி முழுக்க பாக்ஸ் என்கிற செடி. இத்தாலியனில் போஸ்ஸோ. புதிர்ப்பாதை மட்டும் ஏறக்குறைய 6,000 செடி, ஆள் உயரத்துக்கு மேலே, உள்ளே நடக்கிற தூரம் ஒன்றரைக் கிலோமீற்றர். அதிலே நிறையச் செடி தோட்டம் போட்ட காலத்தது. பாக்ஸ் மிக மெதுவாக வளர்கிற சாதி. இலை சுண்டுவிரல் நகம் அளவுதான், தோல் மாதிரித் தடிப்பு. வெயில் ஏறினால் ஒரு மணம் வரும், சிலருக்குப் பிடிக்காது, எனக்கு அது வேலைநாள் மணம்.

வெட்டுகிற கதை லேசில்லை. உச்சி வெயிலில் வெட்டக்கூடாது. வெட்டின இலை விளிம்பு எரிஞ்சு பழுப்பாகிவிடும். மப்பான நாள் பார்க்க வேண்டும். கத்தரி கூராக இல்லாவிட்டால் இலை நைந்துபோகும். நூல் கட்டி மட்டம் பார்த்துத்தான் வெட்டுவது. ஒரு இடத்தில் ஆழமாக வெட்டிப்போட்டால் அந்தக் குழி மூட வருசக்கணக்காகும். இப்ப பத்துப் பதினைந்து வருசமாக ஒரு கரைச்சல்: கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த ஒரு அந்துப்பூச்சி. அதன் புழு பச்சை உடம்பு, கறுப்புக் கோடு. இலையைத் தின்று முடித்துப் பட்டையையும் சுரண்டும். வருசத்தில் இரண்டு மூன்று தலைமுறை. கவனிக்காமல் ஒரு மாதம் விட்டால் நூறு வருசத்து வேலி வைக்கோல் நிறமாக நிற்கும். இத்தாலியில் எத்தனையோ பழைய தோட்டத்தில் இதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

ஒரு உதவி. நீங்கள் போனால் வேலியின் உட்பக்கம், கீழ்க்கொப்புகளில் வெள்ளையாகச் சிலந்திவலை போல ஏதும் இருக்கிறதா என்று பார்த்து இங்கே எழுதுங்கோ. எனக்குத் தெரிய ஆசை.

வைகறை | மார்ச் 6

அம்மாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். வல்சான்சிபியோ என்று முடிவாகிவிட்டது. மழைப்பயணி கோபித்துக்கொள்ள வேண்டாம். வேலியோரம் தம்பி, கட்டாயம் பார்த்து எழுதுகிறேன்.

போக்குவரத்துதான் பயமாக இருக்கிறது.

தூரதேசம் | மார்ச் 7

பதுவையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். ரயிலில் தெர்மே எவுகானெயே நிலையம் வரை வந்து, அங்கிருந்து டாக்ஸி பிடிப்பது உங்களுக்கு நல்லது. அபானோ, மோந்தெக்ரோத்தோ வெந்நீர் ஊற்று ஊர்களுக்கான நிலையம் அது. திரும்பும் டாக்ஸியையும் அப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நான் பேசி வைத்த வண்டி வரவே இல்லை. சாயங்காலம் வாசலில் நின்று, தோட்டம் பார்க்க வந்த ஒரு குடும்பத்தின் காரில் இடம் கேட்டு வந்தேன். கையில் இரண்டு எண் வைத்திருங்கள். தோட்டம் குளிர்காலத்தில் மூடியிருக்கும், மேயில் பிரச்சினை இல்லை. ஆனால் மதிய இடைவேளை உண்டா என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

நடை பெரும்பாலும் சமதளம், பொடிக்கல் பாதை. படி என்றால் அந்தப் பாட்டுப் படிகள்தான், ஏழே ஏழு. நேரம் மிச்சம் இருந்தால் பக்கத்தில் அர்க்குவா பெத்ரார்கா. கவி பெத்ரார்க் 1374-ல் இறந்த வீடு அங்கே இருக்கிறது. ஆனால் அந்த ஊர் முழுக்க ஏற்றம். முட்டிவலிக்கு வேண்டாம்.

மழைப்பயணி | மார்ச் 7

கோபம் எதுவும் இல்லை. ஒன்று மட்டும்: தேதி ஜூனுக்குத் தள்ளிப்போனால் ஜூன் 13-ஐ ஒட்டிப் பதுவையில் தங்காதீர்கள். அந்தோனியார் திருநாள், கூட்டம் தாங்காது. அல்லது அம்மாவுக்கு அதுதான் வேண்டுமென்றால் இப்போதே அறை போட்டுவிடுங்கள்.

வைகறை | மே 24

ஊருக்குத் திரும்பி நாலு நாள் ஆகிறது. உங்களுக்கெல்லாம் நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை.

காலை பத்து மணிக்குத் தோட்டத்துக்குள் போனோம். தூரதேசம் சொன்ன வரிசையிலேயே நடந்தோம். டயானா வாசலில் நிற்கும்போது பின்னால் ரோடு, முன்னால் தண்ணீர். படகில் வந்து இறங்குகிறவர்கள் கண்ணுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும் என்று அம்மாவே சொன்னார், நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. குளத்தங்கரையில் உட்கார்ந்து, உட்கார்ந்து போனோம். ஒரு மணி நேரம் என்று நினைத்தது மூன்று மணி நேரம் ஆனது.

புதிர்ப்பாதைக்கு அம்மா வரவில்லை. வெளியே உட்கார்ந்துகொண்டு "நீ போய் வா" என்றார். உள்ளே ஆறு முட்டுச்சந்து, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து விடுகிற ஒரு வளையம்; ஏழும் சேர்ந்து கிறிஸ்தவம் சொல்கிற ஏழு தலையான பாவங்கள் என்று படித்துவிட்டுத்தான் போனேன். மூன்றாவது முட்டில் வந்த வழியும் மறந்துபோனது. வேலி தலைக்கு மேலே. வெட்டி ஒரு வாரம் ஆகியிருக்கும் போல. மேல்பக்கம் பலகை மாதிரித் தட்டையாக இருக்கிறது, உள்ளே கையை விட்டால் வெறும் பழைய கொம்பு, என் மணிக்கட்டு அளவு கனம். பச்சை எல்லாம் வெளிப்பக்கம் ஒரு சாண்தான். அப்போது அம்மா வெளியே மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது கேட்டது. அந்தச் சத்தம் எந்தப் பக்கம் என்று வைத்துக்கொண்டு நடந்தேன். பாதை இரண்டு தடவை சத்தத்தை விட்டு எதிர்ப்பக்கம் கொண்டுபோய், அப்புறம்தான் வெளியே விட்டது.

காலத்தின் சிலைக்கு முன்னால் அம்மா ரொம்ப நேரம் நின்றார். "இவருக்கும் முதுகு வலிக்கும்" என்றார்.

ஏழு படியையும் அம்மா ஏறினார், என் தோளைப் பிடித்துக்கொண்டு. ஒவ்வொரு படிக்கும் தூரதேசம் எழுதியதை போனில் வைத்து வாசித்தேன். அழுகைக்கு இடமில்லை என்ற இடத்தில் கொஞ்சம் நின்றோம்.

ஒரு விஷயம் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. 2021 மே மாதம் எனக்குக் கொரோனா வந்து பன்னிரண்டு நாள் ஆக்சிஜனில் இருந்தேன். அப்போது அம்மா அந்தோனியாரிடம் நேர்ந்துகொண்டதுதான் இந்தப் பயணம். தோட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது மழைப்பயணியின் கேள்வியை அம்மாவிடம் சொன்னேன்: வேண்டிக்கொண்டு 34 வருடம் கழித்தா கட்டுவார்கள்? அம்மா உடனே சொன்னார், "பணம் சேர வேண்டாமா? பிள்ளை தலையெடுக்க வேண்டாமா? சாமிக்குத் தெரியாதா?"

மறுநாள் பதுவைப் பேராலயத்தில் கிரெகோரியோவின் பீடத்துக்கும் போனோம். அம்மா அங்கே எனக்காக இல்லை, அவருடைய தாய்க்காக ஒரு மெழுகுவத்தி கொளுத்தினார்.

வேலியோரம் தம்பிக்கு: புதிர்ப்பாதையில் குனிந்து குனிந்து பார்த்தேன், நான் பார்த்த இடத்தில் வலையும் இல்லை, புழுவும் இல்லை. வெளியே, குளத்துக்குப் பக்கத்து வேலி ஒன்றில் மட்டும் ஒரு முழ அகலத்துக்குப் பழுப்பு. அதில் வலை இல்லை, இலை விளிம்புதான் காய்ந்திருந்தது. படம் எடுத்திருக்கிறேன், அனுப்புகிறேன்.

மழைப்பயணி | மே 24

அம்மா சொன்ன பதிலுக்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை. அடுத்த வருடம் நானும் போகிறேன்.

வேலியோரம் | மே 25

படம் பார்த்தேன் அக்கா. அது புழு இல்லை, வெயிலில் வெட்டின காயம். இரண்டு மாதத்தில் புதுத் தளிர் வந்து மூடிவிடும். அம்மாவுக்குச் சொல்லுங்கோ.

குடைராட்டினம் | மே 29

இழையை இப்போதுதான் படித்தேன். ஒன்றரை வயதுக் குழந்தையோடு செப்டம்பரில் போகிறோம். தள்ளுவண்டி ஓடுமா?

வைகறை | மே 29

ஓடும். பொடிக்கல் பாதைதான், சின்னச் சக்கரம் என்றால் கொஞ்சம் இழுக்கும், பெரிய சக்கர வண்டியாக எடுத்துப் போங்கள். பாட்டுப் படிகளுக்கு மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள். முயல் தீவில் அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், குழந்தை அங்கிருந்து நகராது.